த்ரெட்லெஸ்: ஒரு டி-ஷர்ட் போட்டி கடையான கதை

டி-ஷர்ட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து பார்த்தவர்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது மையை வழியவிடுகிற வலைச் சட்டம். நாலு நிறப் படம் என்றால் நாலு ஸ்கிரீன் எடுக்க வேண்டும், நாலையும் மேசையில் பிசகாமல் பொருத்த வேண்டும். இந்தச் செட்டிங் வேலைக்கு ஆகிற செலவு, அதற்கப்புறம் பத்து பீஸ் அடித்தாலும் ஆயிரம் பீஸ் அடித்தாலும் மாறாது. அதனால் பத்து பீஸுக்காக யாரும் ஸ்கிரீன் எடுக்க மாட்டார்கள், லாட்டாகத்தான் அடிப்பார்கள். அந்த லாட்டையும் சின்ன சைஸ், பெரிய சைஸ், ஆண்களுக்கு, பெண்களுக்கு என்று பிரித்து அடிக்க வேண்டும். படம் எடுபட்டால் காசு. எடுபடாவிட்டால் குடோனில் அட்டைப்பெட்டியோடு கிடக்கும். எந்தப் படம் விற்கும் என்று அடிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டால் இந்தத் தொழிலில் பாதிக் கவலை தீர்ந்த மாதிரி.

இணையத்தில் டி-ஷர்ட் விற்கிற சிக்காகோவின் த்ரெட்லெஸ் நிறுவனத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சமூகம், படைப்பாற்றல், கூட்டத்தின் அறிவு என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் ஸ்கிரீனில் ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அது ஓவியர்களுக்காக நடத்திய ஒரு இணையப் போட்டி பத்துப் பதினைந்து ஆண்டுகள் உயிரோடு ஓடி, ஒரு முழு வணிகத்தையே சுமந்தது. பிறகு அதே போட்டி மெலிந்துபோனது. ஓடியதற்கும் மெலிந்ததற்கும் பெரிய பங்கு அந்தச் செட்டிங் செலவுக்குத்தான் என்பது என் கட்சி.

ஆயிரம் டாலர் முதல்

2000ஆம் ஆண்டு. ஜேக் நிக்கல், ஜேக்கப் டிஹார்ட் என்று இரண்டு இளைஞர்கள். இருவருக்கும் இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். இணைய வடிவமைப்பில் அப்போது பெரிய பெயராக இருந்த ஜோஷுவா டேவிஸ் நடத்திய ட்ரீம்லெஸ் என்ற இடத்தில்தான் இருவருக்கும் பழக்கம். வடிவமைப்பாளர்களும் கணினி நிரல் எழுதுகிறவர்களும் கூடிப் படம் போட்டு, அடுத்தவர் படத்தைக் கலாய்த்து, அதற்குப் பதில் படம் போட்டுக்கொண்டிருந்த இடம் அது.

லண்டனில் நடந்த நியூ மீடியா அண்டர்கிரவுண்ட் ஃபெஸ்டிவல் என்ற நிகழ்வுக்கு டி-ஷர்ட் படம் கேட்டு அங்கே ஒரு போட்டி வந்தது. நிக்கல் ஜெயித்தார். இதையே நாம் ஏன் தொடர்ந்து நடத்தக் கூடாது என்று தோன்றியது அதற்கப்புறம்தான். ஆளுக்கு ஐந்நூறு டாலர் போட்டார்கள். அந்த ஆயிரம் டாலர்தான் முதலீடு. ட்ரீம்லெஸிலேயே அறிவிப்புப் போட்டு, வந்த படங்களில் பிடித்தவற்றைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டார்கள். ஜெயித்தவருக்குக் காசு கிடையாது, தன் படம் போட்ட சட்டை கிடைக்கும். விற்று வருகிற பணம் அடுத்த படங்களை அச்சிடப் போகும். பேச்சு அவ்வளவுதான்.

முதல் லாட் விற்றது. அந்தக் காசில் அடுத்த லாட். இருவரும் ஆரம்ப ஆண்டுகளில் இதிலிருந்து சம்பளம் எடுக்கவில்லை. பிழைப்புக்கு ஸ்கின்னிகார்ப் என்ற பெயரில் மற்றவர்களுக்கு இணையதளம் செய்து கொடுத்தார்கள். சட்டை வியாபாரம் பெருகியபின்தான் வெளி வேலைகளை விட்டார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். வணிகம் தொடங்கி, அதற்கு விளம்பரம் தேடிப் போட்டி நடத்தியவர்கள் இல்லை இவர்கள். போட்டி நடத்தத் தொடங்கி, அதில் அச்சான சட்டைகளை விற்க வேண்டியிருந்ததால் கடை வைத்தவர்கள். கம்பெனிகள் நடத்துகிற பெரும்பாலான இணையப் போட்டிகள் இதற்கு நேர் தலைகீழ். அங்கே போட்டியை நிறுத்தினாலும் கம்பெனி ஓடும். இங்கே போட்டி நின்றால் அடுத்த வாரம் விற்கச் சரக்கு இருக்காது.

ஒரு படம் உள்ளே போனால் என்ன நடக்கும்

முறை நிலைபெற்ற காலத்தில், அதாவது 2000களின் நடுப்பகுதியில், ஒரு ஓவியர் படம் அனுப்புவது இப்படி. நிறுவனம் ஒரு மாதிரிக் கோப்பு கொடுக்கும். அதில் வெறும் டி-ஷர்ட் படம் இருக்கும். ஓவியர் தன் படத்தை அந்தச் சட்டைமேல் ஏற்றி, சட்டையின் நிறத்தைத் தேர்ந்தெடுத்து, சட்டையாகவே காட்ட வேண்டும். நிறங்களின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருந்தது. அந்த வரம்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஓவியர்களுக்கு அது தொல்லைதான். ஆனால் அந்தக் காலத்து த்ரெட்லெஸ் சட்டைகளைப் பார்த்ததும் அடையாளம் தெரிகிற அந்தத் தட்டையான நிறம், தெளிவான கோடு, ஒரே பார்வையில் பிடிபடும் நகைச்சுவை, இதெல்லாம் அந்த வரம்புக்குள் வேலை செய்து பழகியதால் வந்தவை என்று நினைக்கிறேன்.

படம் வாக்குக்கு வரும். ஏழு நாள். பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை யார் வேண்டுமானாலும் மதிப்பெண் போடலாம். கீழே கருத்தும் எழுதலாம். மதிப்பெண்ணோடு சேர்த்து ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: 'அச்சிட்டால் நான் வாங்குவேன்' என்ற பொருளில். விருப்பமிருந்தால் டிக் அடிக்கலாம்.

இந்த ஏற்பாட்டிலேயே மிகப் புத்திசாலித்தனமான இடம் அந்தக் கட்டம்தான். ஐந்து மதிப்பெண் போடுவது எல்லோராலும் முடியும். நண்பர் வரைந்தது, பாவம் உழைத்திருக்கிறார், கோடு நன்றாக இருக்கிறது என்று ஆயிரம் காரணத்துக்குப் போடலாம். வாங்குவேன் என்று டிக் அடிக்கும்போது மனது ஒரு நொடி தன் அலமாரியை நினைத்துப் பார்க்கிறது. 'படம் அருமை, ஆனா நான் போட்டுக்க மாட்டேன்' என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த உணர்வுதானே? அந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஓவியப் போட்டியாக ஒரு கேள்வி, சந்தை விசாரணையாக ஒரு கேள்வி, ஒரே பக்கத்தில்.

2006இல் எம்ஐடி ஸ்லோன் மேனேஜ்மென்ட் ரிவ்யூ என்ற மேலாண்மை இதழில் சூசுமு ஒகாவா, ஃபிராங்க் பில்லர் இருவரும் எழுதிய கட்டுரை இதைத்தான் பிடித்துக்கொண்டது. புதுப் பொருள் போடுகிற எல்லா நிறுவனத்துக்கும் பெரிய ஆபத்து, விற்குமா என்று தெரியாமல் உற்பத்தி செய்வது. வாங்குகிறவர்களிடம் முன்கூட்டியே ஒரு வாக்குறுதி வாங்கிக்கொண்டு அப்புறம் உற்பத்தி செய்தால் அந்த ஆபத்து குறைகிறது. அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று த்ரெட்லெஸ்.

வாக்கு முடிந்ததும் மதிப்பெண் வரிசையில் முதல் பத்தை எடுத்து அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடவில்லை. மேலே வந்தவற்றைப் பணியாளர்கள் பார்த்து, கருத்துகளைப் படித்து, அவர்கள்தான் கடைசியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 'கூட்டம்தான் முடிவு செய்கிறது' என்று இந்தக் கதையைச் சொல்லும்போது பலர் விட்டுவிடுகிற விஷயம் இது. நல்ல மதிப்பெண் வாங்கியும் அச்சாகாத படங்களுக்காக ஓவியர்கள் புலம்புவது வாடிக்கையாக இருந்தது. புலம்பலில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தக் கடைசிக் கை இல்லாமல் போட்டி இவ்வளவு நாள் ஓடியிருக்காது. வெறும் சராசரியை நம்பினால் வாராவாரம் அதே மாதிரி அழகான விலங்குக் குட்டிகள், அதே மாதிரி சிலேடை ஜோக்குகள் மேலே வரும். போட்டியாளர்களே வாக்காளர்களாகவும் இருக்கும் இடத்தில் வேண்டாதவர் படத்துக்குப் பூஜ்யம் போடுகிற வேலையும் நடக்கும். திருடிய படமும் உள்ளே நுழையும். இந்தக் கடைசி விஷயத்தில் கூட்டம் உண்மையிலேயே உதவியது. எங்கேயோ பார்த்த படத்தின் நகல் வந்தால் யாராவது ஒருவர் மூலப்படத்தோடு வந்து நின்றுவிடுவார்.

புதுச் சட்டைகள் திங்கட்கிழமை வெளிவரும். தீர்ந்துபோன சட்டையை மறுபடி அச்சிடச் சொல்லி வாடிக்கையாளர்கள் கேட்கலாம். கேட்பவர்கள் எண்ணிக்கை சேர்ந்தால் மறு அச்சு. இதையும் ஒரு வாக்கெடுப்பு என்றே சொல்லலாம், இந்த முறை வெறும் வாங்குபவர்கள் மட்டும் போடுகிற வாக்கு.

எந்த மாதிரிப் படங்கள் ஜெயித்தன என்பதற்கு இரண்டு உதாரணம். டாம் பர்ன்ஸ் வரைந்தது 'தி கம்யூனிஸ்ட் பார்ட்டி'. சிவப்புச் சட்டையில் மார்க்ஸ், லெனின், ஸ்டாலின், மாவோ, காஸ்ட்ரோ எல்லோரும் கையில் கோப்பையோடு கூத்தடித்துக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று இங்கிலாந்தின் ஆலி மாஸ் செய்த 'ஸ்பாய்ல்ட்'. பிரபலமான சினிமாக்களின் முடிவுகளை வரிசையாகப் போட்டு உடைக்கிற சட்டை. இரண்டுமே எதிரில் வருபவர் ஒரு நொடி நின்று பார்க்கிற சட்டைகள். ஆலி மாஸ் பிறகு சினிமா போஸ்டர்களுக்காக உலகறிந்த பெயரானார்.

வரவு செலவு

பரிசு சட்டையில் தொடங்கி, சிறுகச் சிறுகப் பணமாகி, 2008 வாக்கில் 2,000 டாலர் ரொக்கம், 500 டாலருக்குக் கடையிலேயே செலவழிக்கும் கூப்பன், ஒவ்வொரு மறு அச்சுக்கும் இன்னொரு 500 டாலர் என்ற நிலைக்கு வந்திருந்தது. வாரத்துக்குச் சராசரியாக ஆயிரம் படங்கள் வரும். பத்து போல அச்சாகும். நூற்றில் ஒன்று.

2008இல் இன்க் என்ற வணிக இதழ் த்ரெட்லெஸை அட்டைப்படத்தில் போட்டு, அமெரிக்காவிலேயே மிகப் புதுமையான சிறு நிறுவனம் என்றது. ஆண்டு விற்பனை சுமார் 3 கோடி டாலர், லாபம் முப்பது சதவீதம் என்கிற அளவில் அந்தக் கட்டுரையின் கணக்கு இருந்தது. டி-ஷர்ட் வியாபாரத்தில் இப்படி ஒரு லாப விகிதத்தைச் சொன்னால் திருப்பூரில் சிரிப்பார்கள். அதே ஆண்டு ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் இதைப் பாடமாக்கியது. கரீம் லக்கானியும் ஸஹ்ரா கஞ்சியும் எழுதியது. அதற்கு முன்பே, 2006இல், இன்சைட் வென்ச்சர் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் பங்கு வாங்கியிருந்தது.

அந்த லாபம் எங்கிருந்து வந்தது? சம்பளத்துக்கு வடிவமைப்பாளர்கள் இல்லை. விளம்பரச் செலவு கிட்டத்தட்ட இல்லை. தன் படம் வாக்குக்கு வந்திருக்கிறது என்று ஓவியரே ஊரெல்லாம் சொல்லிவிடுவார். அவர் நண்பர்கள் வாக்குப் போட வந்து, கணக்குத் தொடங்கி, வேறு நாலு சட்டையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். மாடல்களை வைத்துப் படமெடுக்கிற செலவும் குறைவு, ஏனென்றால் வாங்கினவர்களே சட்டையைப் போட்டுப் படமெடுத்து அனுப்புவார்கள். அதற்கும் சட்டை விற்றுக்கொடுத்த பரிந்துரைக்கும் கடையில் கழித்துக்கொள்ளக் கொஞ்சம் வரவு வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல், தேங்குகிற சரக்கு மிகக் குறைவு. போட்ட லாட் எல்லாம் விற்றுத் தீர்வதுதான் அங்கே வழக்கம்.

2,000 டாலரை ஓவியரின் கூலியாக மட்டும் பார்த்தால் கணக்கு சரியாக வராது. அது கூலி, விளம்பரச் செலவு, சந்தை ஆய்வுச் செலவு, நட்டக் காப்பீடு நாலும் சேர்ந்த தொகை. அப்படிப் பார்த்தால் நிறுவனத்துக்கு அது மலிவோ மலிவு.

ஓவியர்கள் ஏன் வந்தார்கள்

டேரன் பிராபம் என்ற ஆய்வாளர் த்ரெட்லெஸ் உறுப்பினர்கள் 17 பேரிடம் பேட்டி எடுத்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பணம், கைத்திறனை வளர்ப்பது, வெளி வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு, அந்தக் கூட்டத்தின்மேல் பிரியம் என்று காரணங்கள் வந்தன. கூடவே பலர் அதை ஒரு போதை என்றே சொன்னார்கள். மதிப்பெண் ஏறுகிறதா என்று மணிக்கொரு தரம் போய்ப் பார்க்கிற போதையைப் பற்றி இன்றைக்கு யாருக்கும் விளக்க வேண்டாம்.

வெளி வேலை கிடைத்ததும் உண்மைதான். ராஸ் ஸீட்ஸ் என்பவர் போட்டியில் திரும்பத் திரும்ப ஜெயித்து, கடைசியில் த்ரெட்லெஸிலேயே வேலைக்குச் சேர்ந்து கலை இயக்குநரானார். நியூஸிலாந்தின் கிளென் ஜோன்ஸ் இங்கே பெயர் வாங்கிவிட்டு, கிளென்ஸ் டீஸ் என்று சொந்தக் கடையே ஆரம்பித்தார். இவர்கள் ஜெயித்தவர்கள். நூற்றில் மீதித் தொண்ணூற்றொன்பது?

இங்கேதான் வடிவமைப்பாளர்கள் சங்கங்களுக்கும் இப்படிப்பட்ட போட்டிகளுக்கும் நெடுநாளாகத் தகராறு. கூலி பேசாமல், கிடைத்தால் கிடைக்கட்டும் என்று நூறு பேரை வேலை செய்யவைத்து ஒருவருக்கு மட்டும் காசு கொடுப்பது தொழிலையே கெடுக்கும் என்பது அமெரிக்க வடிவமைப்பாளர் அமைப்பான ஏஐஜிஏவின் பழைய நிலைப்பாடு. கூலி பேசாத வேலை வேண்டாம் என்று நோ ஸ்பெக் என்ற பெயரில் ஒரு தனி இயக்கமே நடந்தது. இந்த வாதம் சரியானது. ஆனால் எல்லாப் போட்டியின்மேலும் ஒரே அளவில் விழுகிற வாதம் இல்லை.

நமக்குத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்திய ரூபாய்க்குக் குறியீடு வேண்டும் என்று 2009இல் மத்திய நிதி அமைச்சகம் போட்டி வைத்தது. 3,000க்கும் மேற்பட்ட குறியீடுகள் வந்தன. 2010 ஜூலையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமாரின் குறியீடு தேர்வானது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் மீதி மூவாயிரம் குறியீடுகளை வரைந்தவர்கள் என்ன செய்ய முடியும்? ரூபாய்க்கு வரைந்த குறியீட்டை வேறு எதற்கும் விற்க முடியாது. ஒரு கம்பெனிக்கென்று வரைந்த லோகோவின் கதியும் அதுதான். தோற்ற அன்றே அது செல்லாக்காசு.

டி-ஷர்ட் படம் அப்படியில்லை. த்ரெட்லெஸில் எடுபடாத படத்தைத் தூக்கிக்கொண்டு வூட் (Woot) என்ற இணையக் கடையின் சட்டைப் போட்டிக்கோ, டிசைன் பை ஹ்யூமன்ஸ் என்ற இன்னொரு சட்டைத் தளத்துக்கோ போனவர்கள் நிறையப் பேர். கருத்துகளைப் படித்து, திருத்தி, மறுபடி அங்கேயே அனுப்பினவர்களும் உண்டு. தோற்றவர் கையில் விற்கக்கூடிய ஒரு பொருள் மிச்சமிருந்தது. போட்டி நியாயமானதா என்று பார்க்க நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: தோற்ற படைப்புக்கு வெளியே விலை உண்டா?

ஜெயித்தவர் பக்கம்தான் பேரம் கொஞ்சம் இடறியது. ஒரே தொகை கொடுத்துப் படத்தின் உரிமையை நிறுவனம் எடுத்துக்கொண்டது. சட்டை ஓஹோவென்று ஓடினால் மறு அச்சுக்கு 500 டாலர், அவ்வளவுதான். பின்னாட்களில் விற்பனையில் பங்கு என்ற முறைக்கு மாறினார்கள். கொஞ்சம் தாமதம் என்பேன்.

போட்டி மெலிந்தது

2007இல் சிக்காகோவில் நேரடிக் கடையும் திறந்தார்கள். வளர்ச்சி அப்படியே போகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2014 ஜனவரியில் ஆட்குறைப்பு வந்தது. அந்த ஆண்டிலேயே கடையும் மூடப்பட்டது.

என்ன நடந்தது? எதிர்க்கடைகள் பெருகியது ஒரு காரணம். டீஃப்யூரி மாதிரி ஒரு நாளைக்கு ஒரு சட்டை என்று விற்பவர்கள் வந்தார்கள். ஓவியர்கள் ஃபேஸ்புக், டம்ப்ளர் (Tumblr) தளங்கள் என்று சொந்தமாக ஆள் சேர்த்துக்கொண்டதால் அவர்களுக்குக் கூட்டம் காட்ட த்ரெட்லெஸ் தேவைப்படாமல் போனது இன்னொரு காரணம். இரண்டுமே உண்மை. ஆனால் அடியில் நகர்ந்தது இயந்திரம்.

டிடிஜி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நேரடித் துணி அச்சு, இங்க்ஜெட் பிரிண்டர் காகிதத்தில் அடிப்பதுபோல் சட்டையில் அடிக்கும். ஸ்கிரீன் கிடையாது, செட்டிங் கிடையாது, நிற வரம்பு கிடையாது. ஒரு பீஸ் அடிக்கிற விலை ஸ்கிரீனில் லாட்டாக அடிப்பதைவிடக் கூடுதல். ஆனால் ஆர்டர் வந்தபிறகு அந்த ஒரே ஒரு பீஸை அடித்தால் போதும். மெல்போர்னில் 2006இல் தொடங்கிய ரெட்பபிள் போன்ற தளங்கள் இதை வைத்து யாருடைய படத்தையும் மறுக்காமல் விற்றன. வாக்கெடுப்பு இல்லை, தேர்வு இல்லை. ஏற்று, விலை போடு, வாங்க ஆள் வந்தால் அச்சு.

இப்போது அந்த ஏழு நாள் வாக்குக்கு என்ன வேலை? ஆயிரம் படத்தில் பத்துக்குத்தான் ஸ்கிரீன் எடுக்க முடியும் என்றிருந்தவரை எந்தப் பத்து என்பது உயிர்நாடியான கேள்வி. ஆயிரத்தையும் விற்பனைக்கு வைக்கலாம், வைப்பதற்குச் செலவே இல்லை என்றானபின் அது வெறும் அபிப்பிராயம். அச்சாவது என்பதே பெரிய பரிசாக இருந்த காலம் போய், யார் படமும் யார் சட்டையிலும் அச்சாகும் காலம் வந்துவிட்டது. ஜெயித்தால் கிடைப்பது ஜெயிக்காமலே கிடைக்கும்போது ஏழு நாள் பதைபதைப்பை யார் வாங்கிக்கொள்வார்கள்?

இணையத்தில் நம்மவர்கள் நடத்துகிற போட்டிகள் சிலவற்றைப் பார்க்கும்போது இந்த இடம்தான் நினைவுக்கு வருகிறது. பெருந்தொற்று ஊரடங்கில் ஜூம் கவியரங்கமும், ஃபேஸ்புக் ஓவியப் போட்டியும், கோலப் போட்டியும் தினம் ஒன்றாக நடந்தன. கலந்துகொண்ட எல்லோருக்கும் மின்சான்றிதழ். அதிக லைக் வாங்கியவருக்கு முதல் பரிசு. அதில் ஒரு தவறும் இல்லை, வீட்டில் அடைந்துகிடந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்தப் போட்டி முடிந்த மறுநாள் உலகத்தில் எதுவும் மாறியிருக்காது. லைக் போட்டவர் எதையும் இழக்கவில்லை, எதையும் உறுதி சொல்லவும் இல்லை. மாமா, அத்தை, அலுவலக வாட்ஸப் குரூப் எல்லாம் சேர்ந்து கொடுத்த எண்ணிக்கை அது.

மாறாக, பழைய வாரப் பத்திரிகைச் சிறுகதைப் போட்டியைப் பாருங்கள். இதழில் இருப்பதே சில பக்கம். அதில் ஒரு கதை வந்தால் இன்னொரு கதை வராது. அதனால்தான் அந்த முடிவுக்காகப் போஸ்ட்மேனை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கைவினைப் பொருள் செய்பவர்களுக்கோ, குறும்படம் எடுப்பவர்களுக்கோ இன்று யாராவது இணையப் போட்டி வைப்பதாக இருந்தால், கண்காட்சியில் நாலு கடை இடம், தியேட்டரில் ஒரு மாலைக் காட்சி, ஒரு துணிக்கடையின் பொங்கல் லாட்டில் ஒரு சேலை டிசைன் என்று எண்ணி வைத்த ஒன்றைப் பரிசாக வைப்பது நல்லது. கேடயம் எத்தனை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், அதனால்தான் அதற்கு மதிப்பில்லை. வாக்குக் கேட்பதாக இருந்தால் 'பிடித்திருக்கிறதா' என்பதோடு 'டிக்கெட் எடுப்பீர்களா', 'இந்த விலைக்கு வாங்குவீர்களா' என்பதையும் கேட்டுவிட வேண்டும். அப்புறம் கடைசி முடிவு யார் கையில் என்பதை முதலிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். நடுவர்கள் முடிவு செய்வதாக இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மக்கள் வாக்கு என்று அறிவித்துவிட்டு உள்ளே உட்கார்ந்து முடிவெடுப்பதுதான் வம்பு.

கடை ஓவியருடையது

த்ரெட்லெஸ் மூடவில்லை. ஆட்குறைப்புக்குப் பின் ஒன்றிரண்டு ஆண்டில் ஆர்ட்டிஸ்ட் ஷாப்ஸ் என்ற ஏற்பாட்டுக்கு மாறியது. யார் வேண்டுமானாலும் தன் பெயரில் கடை திறக்கலாம். அச்சு, பேக்கிங், அனுப்புவது, திருப்பி வந்தால் வாங்கிக்கொள்வது எல்லாம் த்ரெட்லெஸ் பொறுப்பு. அடக்க விலைக்கு மேல் எவ்வளவு வைப்பது என்பது ஓவியர் இஷ்டம், அந்த மிச்சம் அவருக்கு. உரிமையும் அவரிடமே. ஜெயித்தவர் பக்கம் இடறிய பேரம் இதில் சரியாகிவிட்டது. பதிலுக்கு, வாங்குகிறவரைக் கூட்டிக்கொண்டு வருகிற வேலையும் அவர் தலையில் ஏறிவிட்டது. முன்பு தன் படத்துக்கு வாக்குக் கேட்டு நாலு பேரைக் கூட்டி வந்தால், மற்றவர்கள் கூட்டி வந்த ஆயிரம் பேரும் அவர் படத்தைப் பார்ப்பார்கள். தனிக்கடையில் அந்த வசதி இல்லை.

போட்டிகளும் நின்றுபோகவில்லை. ஒரு தலைப்புக் கொடுத்து நடத்துகிற போட்டிகளாக அவை தொடர்ந்தன. பரிசு உண்டு, பாராட்டு உண்டு. கடையின் சரக்கு முழுவதும் அதை நம்பி இல்லை என்பதுதான் வித்தியாசம்.

2020 ஏப்ரலில் முகக்கவசம் கிடைக்காமல் உலகமே அலைந்தபோது, த்ரெட்லெஸ் தன் ஓவியர்களின் படங்களைத் துணி முகக்கவசத்தில் அச்சிட்டு விற்கத் தொடங்கியது. விற்பனைப் பணத்தில் ஒரு பங்கு மெட்ஷேர் என்ற மருத்துவ உதவி அமைப்புக்குப் போனது. அவசரத்தில் வந்த பொருள். ஏழு நாள் வாக்கெடுப்பு, கருத்துப் படித்தல், ஸ்கிரீன் எடுத்தல் என்று பழைய வழியில் போயிருந்தால் முதல் லாட் வெளிவர வாரங்கள் ஆகியிருக்கும். பூனை வேண்டுமென்றவருக்குப் பூனை, மண்டையோடு வேண்டுமென்றவருக்கு மண்டையோடு என்று ஆர்டருக்கு ஒன்றாக அச்சடித்து அனுப்பினார்கள்.